மில் கூரையில் எடுத்த படம்

இந்தக் காலத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன்கூட முதலில் தலையைத்தான் கோதிக்கொள்கிறான். வந்தவன் யார், படகில் இடம் இருக்கிறதா, கயிறு எந்தப் பக்கம் விழுகிறது, எதையும் பார்ப்பதில்லை. அண்ணாந்து, தட்டான் எங்கே பறக்கிறது என்று தேடுகிறான். அது தன் பக்கம் திரும்பினால்தான் அவனுக்குப் பாதி உயிர் வருகிறது. அஞ்சப்பனுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். 'உன்னைத் தூக்கப்போறது என் கைடா, அந்தப் பூச்சி இல்ல' என்று நாலு பேரிடம் சொல்லியும் பார்த்துவிட்டார். சொன்னதையும் படம் எடுத்தார்கள்.

தட்டான் என்பது ஊர் வைத்த பெயர். நீர்த்துணை அறக்கட்டளை பறக்கவிடுகிற காமிரா அது. நாலு இறக்கை, வயிற்றில் ஒரு கண்ணாடி. வெள்ளத்துக்கு மேலே நாள் முழுக்க நின்று, யாரார் எந்தக் கூரையில் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கரையில் இருக்கிற பெட்டிக்குச் சொல்லும். பெட்டி யோசித்து, எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று சொல்லும். படகு போய்ச் சேரும்போது தட்டானும் அங்கே இருக்கும். படம் பிடிக்கும். படம் உலகமெல்லாம் போகும். பார்க்கிறவர்கள் மனசு இளகி அள்ளிக் கொடுப்பார்கள். அதில் டீசல் வரும், சோறு வரும், புதுப் படகு வரும்.

கடல் ஊருக்குள் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஐப்பசி பிறந்தால் மேலேயிருந்து ஆறும் கீழேயிருந்து கடலும் சேர்ந்து பதினேழு கிராமத்தை முழுங்கும். சர்க்கார் படகு வரும், வந்தால் பார்க்கலாம். நீர்த்துணை ஆரம்பத்தில் நாலு படகோடு வந்தது. இப்போது முப்பது. எல்லாம் பெட்டியால் என்றார்கள். அஞ்சப்பன் நம்பவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தில் தன் பெயர் தெரியும். நம்பர் எல்லாம் தெரியும்; மீன் எடை போட்ட கைக்கு நம்பர் தெரியாமல் இருக்குமா. ஏழாம் நம்பர் படகு அவருடையது. அவருடையது என்றால், அறக்கட்டளையுடையது, ஓட்டுகிறவர் அவர்.

அன்றைக்கும் காலை ஆறு மணிக்குத் துறையில் வகுப்பு நடந்தது. ஹெப்சிபா நடத்தினாள். பக்கத்து ஊர்ப் பெண், முப்பது வயசு இருக்கும், படம் எடுக்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நல்ல பெண்தான். அவளாக எதையும் மறைத்து அஞ்சப்பன் பார்த்ததில்லை.

"சட்டையில நம்ம சின்னம் தெரியணும், மேல துண்டு போடாதீங்க. சூரியனுக்கு முதுகு காட்டாதீங்க, மூஞ்சி கறுத்துப்போகும். காமிராவைப் பார்க்கவே கூடாது. கூட்டமா ஏத்தாதீங்க, ஒவ்வொருத்தரா ஏத்துங்க. ஒரு படத்துக்கு ஒரு மூஞ்சிதான். பத்து மூஞ்சி இருந்தா பார்க்கிறவங்க எதையும் பார்க்காம தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. அப்புறம், கையைப் பிடிச்சதும் மூணு எண்ணுங்க. எண்ணிட்டுத் தூக்குங்க."

"மூணு எதுக்கும்மா?" என்றார் அஞ்சப்பன்.

"கையும் கையும் சேர்ற நேரம்தான் படம், ஐயா. தூக்கிட்டா வெறும் முதுகுதான் தெரியும்."

"தண்ணி மூணு எண்ணிக்கிட்டு நிக்காதே."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாள். ஆனால் மூணு மூணுதான்.

படகில் அவரோடு பக்கிரிசாமி ஏறினான். தங்கச்சி புருஷன், படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து கயிறு வீசுகிறவன். ஏறியதும் இடுப்பிலிருந்து சீப்பை எடுத்தான்.

"மிதவைச் சட்டையை மறந்துட்டு வந்துட்டே, சீப்பை மறக்கல பாத்தியா மாப்ளே."

"போன மாசம் என் படத்தை அறுபது லட்சம் பேர் பாத்தாங்க மச்சான். ஒங்க தங்கச்சி ஒருத்திதான் பாக்கல."

"அவ முப்பது வருசமா பாத்துட்டா. போதும்னு இருக்கும்."

சந்தனமேட்டு வாய்க்காலில் பத்து மணிக்குப் போனார்கள். வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாது. மின்கம்பங்களை வைத்துத்தான் அடையாளம். வடக்கு உப்பளத்தில் ஒரு வீட்டு மாடியில் தூளிப் பிள்ளையோடு ஒருத்தி நிற்கிறாள், நேரே அங்கே போ என்று உத்தரவு. வழியில் பழைய நெல் மில் வந்தது. மில்லின் தகரக் கூரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் நின்றுகொண்டு ஒரு சிவப்புத் துணியை ஆட்டினாள்.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது துணி ஆட்டினால் படகைத் திருப்ப வேண்டும். வலையை அறுத்துவிட்டாவது திருப்ப வேண்டும். பங்காளிச் சண்டைக்காரனாக இருந்தாலும் திருப்ப வேண்டும். கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். அஞ்சப்பன் கை தானாகவே சுக்கானைத் திருப்பியது.

படகிலிருந்த வாக்கி-டாக்கியில் ஹெப்சிபாவின் குரல் வந்தது. "ஏழாம் நம்பர், எங்க போறீங்க?"

"மில்லு மேல ரெண்டு பேரு நிக்கிறாங்கம்மா."

கொஞ்ச நேரம் கொரகொரவென்று சத்தம். பெட்டி எழுதுவதை அவள் படிக்கிறாள் என்று அர்த்தம். "மில்லுக்குப் பன்னெண்டாம் நம்பர் வருது ஐயா. நீங்க உப்பளம் போங்க. அங்க கைப்புள்ள இருக்கு."

"ரெண்டு நிமிசம் ஆகாது."

"பன்னெண்டு வந்துக்கிட்டிருக்கு ஐயா."

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தான். "கேட்டுக்குங்க மச்சான். ஏகாம்பரம் இப்படித்தான் சொல் பேச்சு கேக்காம திரும்பினான். மறுநாளே படகைப் பிடுங்கிட்டாங்க. இப்ப ஐஸ் உடைக்கிறான்."

அஞ்சப்பன் மில்லைப் பார்த்துக் கையைத் தூக்கி, பின்னால் வருது, பின்னால் வருது என்று சைகை காட்டினார். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. துணி ஆடிக்கொண்டேயிருந்தது.

உப்பளத்தில் தூளிப்பிள்ளை இருந்தது உண்மைதான். பொய்யில்லை. தாய்க்காரி பிள்ளையை நீட்ட, அஞ்சப்பன் வாங்க, தட்டான் தலைக்கு மேலே வந்து நின்றது. அவர் மூணு எண்ணவில்லை. பக்கிரிசாமிதான் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "ரெண்டு... மூணு... இப்ப வாங்குங்க" என்றான். பிள்ளை வீறிட்டது. படம் நன்றாக வந்தது என்று வாக்கியில் சொன்னார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மறுபடி அதே வழி. இந்தத் தடவை அங்கன்வாடிக் கூரைக்கு. மில்லில் கிழவர் படுத்திருந்தார். சம்சாரம் உட்கார்ந்துகொண்டு துணியை ஆட்டினாள். முன்போல் வேகம் இல்லை.

"பன்னெண்டு வரலையேம்மா."

"கொஞ்சம் தாமதமாம் ஐயா. இருபது நிமிசம்னு போட்டிருக்கு."

"அந்த ஆளுக்கு முடியல. படுத்துட்டாரு."

கொரகொர. "அங்கன்வாடியில ஆறு பிள்ளைங்க ஐயா. தண்ணி ஏறுது. நீங்க போங்க."

ஆறு பிள்ளைகள் என்றால் என்ன சொல்வது? அஞ்சப்பன் போனார். போகும்போது மில் பக்கம் திரும்பவில்லை. கண்ணை எதிரே நட்டுக்கொண்டு, எஞ்சினை முழுசாக முறுக்கிவிட்டார். இதைப் பிற்பாடு அவர் யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் கூப்பிட்ட குரல் கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா என்பதையும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு மூன்றாம் தடவை. டவர் மேட்டில் ஒரு வாத்தியார் குடும்பம், போ என்றார்கள். வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்கப் பித்தளை நிறமாகக் கிடந்தது. மில் கூரையில் துணி ஆடவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். சிவப்புத் துணி கிழவரின் முகத்தின் மேல் கிடந்தது.

அஞ்சப்பன் சுக்கானைத் திருப்பினார்.

"மச்சான்."

"வாயை மூடு."

"படகு போயிடும் மச்சான்."

"போவட்டும்."

வாக்கி பேசும், தடுக்கும் என்று எதிர்பார்த்தார். பேசவில்லை. கொரகொரப்புகூட இல்லை. மில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் தட்டான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அசையாமல், வெயிலை முதுகுக்கு விட்டுக்கொண்டு நின்றது. இதையெல்லாம் அந்த நேரத்தில் அவர் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை.

கூரை மேல் ஏறினார். கிழவர் பெயர் தனுஷ்கோடி, மில் காவல்காரர், இழுப்பு நோய்க்காரர். உறிஞ்சுகிற மருந்து ராத்திரி தண்ணீரோடு போய்விட்டது. இதெல்லாம் அந்த அம்மாள் சொன்னது. பெயர் சௌந்தரவல்லி. அழவில்லை. குரல் மட்டும் வறண்டு போயிருந்தது.

"காலைல போனது நீங்கதானேண்ணே?"

அஞ்சப்பன் தலையாட்டினார்.

"மத்தியானமும் நீங்கதான். எஞ்சின் சத்தம் தெரிஞ்சுபோச்சு. நான் உங்களை வஞ்சேன். இவருதான், அவங்க ஏதோ அவசரமாப் போறாங்கடி, திரும்பறப்ப வருவாங்க, துணிய எறக்கிடாதேன்னாரு. மூணு மணி வரைக்கும் எறக்கல. அப்புறம் இவருக்கு மூடறதுக்கு வேற துணி இல்ல."

அறுபத்தேழு வயசில் அஞ்சப்பன் நிறையப் பிணம் பார்த்திருக்கிறார். கடலில் பிறந்தவன் பார்க்காத பிணமா. ஆனால் அந்தத் தகரத்தின் மேல் மண்டியிட்டார். இரண்டு கையாலும் நெற்றியில் அறைந்துகொண்டார். அந்த அம்மாள்தான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கையும் கையும் சேர்ந்திருந்தது. யாரும் எண்ணவில்லை. தட்டான் கொஞ்சம் கீழே இறங்கியது.

உடம்பைப் படகிலிருந்த பாயில் சுற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். பக்கிரிசாமி சீப்பைத் தொடவில்லை. கரைக்குத் திரும்பும்போது வேறொரு படகு டவர் மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

துறையில் ஒரே கூட்டம். எல்லார் கையிலும் போன். "அதோ அவருதான், அவருதான்" என்று சொன்னார்கள். படகு வந்து சேர்வதற்குள்ளேயே படம் வந்துவிட்டிருந்தது. ஒருவன் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தான். தள்ளிவிட்டார். அந்த அம்மாளைப் பெண்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பை நாலு பேர் தூக்கிப் போனார்கள்.

படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு படகு கவிழ்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தார். எஞ்சின் இல்லை. அடிப்பலகை இரண்டு உடைந்து, தார் பூசியிருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர்: பன்னிரண்டு. தாரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. காய்ந்து நாலு நாள் ஆகியிருக்கும்.

பெட்டி இருக்கிற கூடாரத்துக்குள் அவர் இதுவரை போனதில்லை. போனார். ஹெப்சிபா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய திரை. அவள் கண் சிவந்திருந்தது.

"உக்காருங்க ஐயா."

"பன்னெண்டாம் நம்பர் கவுந்து கெடக்கு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"காலைல வருதுன்னே. மத்தியானம் இருபது நிமிசம்னே."

"திரையில வந்ததைப் படிச்சேன் ஐயா. சத்தியமா. பழுதான படகு எதுன்னு எனக்குக் காட்டாது. நானும் இந்தக் கணக்கை அப்புறம்தான் பார்த்தேன்."

"இப்ப எனக்குக் காட்டு. மில்லு எங்க இருக்கு இதுல?"

"எதுக்கு ஐயா? படிக்க..."

"நம்பரு படிப்பேன்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். மேலே காலை 6.10 என்று இருந்தது. அதற்குக் கீழே மில்லின் சின்னப் படம். பக்கத்தில் இரண்டு வரிசை. முதல் வரிசையில் 7, 10.15, 61. இரண்டாவது வரிசையில் 7, 4.40, 94. நடுநடுவே எழுத்துகள்.

அஞ்சப்பன் விரல் வைத்துப் பார்த்தார். "ஏழு நானு. பத்தேகாலு, நான் மொத தரம் போன நேரம். நாலு நாப்பது, நான் திரும்பின நேரம். இதை எப்ப எழுதினாங்க?"

"காலைல. ஆறு பத்துக்கு."

"நாலரைக்கு நான் திரும்புவேன்னு எனக்கே தெரியாது."

"பெட்டிக்குத் தெரியும் ஐயா. மூணு வருசமா உங்களைப் பார்க்குது. எத்தனை தரம் பொறுப்பீங்க, எத்தனாவது தரம் கேக்க மாட்டீங்கன்னு..." அவள் நிறுத்தினாள். "நாங்க போகச் சொல்லிப் போனா அந்த மூஞ்சி வராதாம். நீங்களா திரும்பணுமாம்."

"இந்த அறுபத்தொண்ணு என்ன? தொண்ணூத்திநாலு என்ன?"

"மார்க்கு. படம் எவ்வளவு தூரம் போகும்னு போடற மார்க்கு."

"ஒரே மில்லு, ஒரே படகு. மார்க்கு ஏன் மாறுது?"

ஹெப்சிபா திரையை மூடப் பார்த்தாள். அவர் கையை வைத்துத் தடுத்தார். "அந்த எழுத்தைப் படிம்மா."

"வேண்டாம் ஐயா."

"படி."

அவள் படித்தாள். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுந்து நின்று படிக்கிற பிள்ளை மாதிரி படித்தாள். "'முதியவர்கள் இருவர் பத்திரமாக மீட்பு.' இது மேல இருக்கிறது. கீழ இருக்கிறது... 'சொல்லை மீறித் திரும்பினார் படகோட்டி. மனைவியை மட்டுமே மீட்க முடிந்தது.'"

வெளியே யாரோ சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளுக்கு மூச்சு விட முடியலேன்னு இதுக்குத் தெரியுமா?"

"காலைலயே தட்டான் பார்த்துச்சு. உதடு நீலமா இருந்துச்சு. மூணு மணிக்கு மேல தாங்காதுன்னு போட்டிருக்கு."

அவள் எழுந்தாள்.

"நான் சொல்றதைக் கேளுங்க ஐயா. நாலு படகு இருந்த வருசம் தொண்ணூறு பேரைக் கொண்டுவந்தோம். இந்த வருசம் ஆயிரத்து நூறு பேர். எங்கம்மாவையும் சேர்த்துத்தான். எல்லாம் படத்துக் காசுல வந்தது. இன்னிக்கு உங்க படத்தைப் பத்துக் கோடிப் பேர் பார்த்துட்டாங்க. இருபது படகு வரும். இருபது படகு ஐயா. அதுல எத்தனை பேர் வருவாங்க?"

"பத்தேகாலுக்குப் போயிருந்தா ஆயிரத்து நூத்தியொண்ணு."

"பத்தேகாலுக்குப் போயிருந்தா அடுத்த வருசம் அறுநூறுதான் ஐயா."

"அடுத்த வருசத்தை யாரு பாத்தா?"

"அது பார்க்குது."

அவர் திரையைப் பார்த்தார். மில் படத்துக்கு மேலேயும் கீழேயும் வேறு கூரைகள், வேறு நம்பர்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு வரிசை. சிலதில் மேல் வரிசை பச்சையாக இருந்தது, சிலதில், மில்லைப் போல, கீழ் வரிசை.

"ஏகாம்பரம் படகைப் பிடுங்கினீங்க. என் படகை ஏன் பிடுங்கல?"

"அவரு மொதல் தரமே திரும்பிட்டாரு," என்றாள் அவள் மெல்ல.

"ஏழாம் நம்பரு எந்தப் படத்துக் காசுல வந்துச்சு?"

"ஐயா..."

"மூணு வருசமா ஓட்டறேன். தெரிஞ்சுக்க வேணாமா?"

"தாழம்பாடி. பள்ளிக்கூட மாடி. அக்காவும் தம்பியும்." அவள் மேலே சொல்லவில்லை. அக்கா வந்தாளா, தம்பி வந்தானா என்று அவரும் கேட்கவில்லை.

எஞ்சின் சாவியைக் கழுத்துக் கயிற்றிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்குக் குமாரமேட்டுல நாப்பது பேர் காத்துக்கிட்டிருப்பாங்க," என்றாள் ஹெப்சிபா. அவள் மிரட்டவில்லை. கெஞ்சினாள். "அங்க போற வாய்க்கால் உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க வராட்டி ஏழாம் நம்பர் கரையிலதான் நிக்கும். அந்த நாப்பது பேருக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அஞ்சப்பனுக்குப் பதில் தெரியவில்லை. நின்று யோசித்தும் பார்த்தார். ஆயிரத்து நூறு பெரிய எண்தான். தூளிப்பிள்ளையின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. இந்தப் பெண்ணின் அம்மா உயிரோடு இருக்கிறாள். எல்லாம் சரி. தனக்குப் பதில் சொல்லத் தெரியாததால் மட்டும் அவள் சொல்வது நியாயமாகிவிடுமா? ஆகாது என்றே அவருக்குப் பட்டது. அதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் படிப்பு இல்லை.

"ரெண்டு வரி எழுதத் தெரியுதுல்ல அதுக்கு," என்றார். "மேல் வரியை எடுத்துக்கச் சொல்லு. அப்ப வர்றேன்."

"மேல் வரியை எடுத்தா படகு வராது ஐயா."

"அப்ப அந்த நாப்பது பேருக்கும் அதையே வாசிச்சுக் காட்டு."

வெளியே வந்தார். பக்கிரிசாமி படகைக் கழுவிக்கொண்டிருந்தான், கூப்பிட்டான். அஞ்சப்பன் நிற்கவில்லை. கூட்டம் வழி விட்டது. வழி விட்டுவிட்டுப் போனைத் தூக்கியது. கணுக்கால் அளவு தண்ணீரில் தார்ச்சாலையைக் காலாலேயே தடவிக்கொண்டு, பிணத்தைக் கொண்டுபோன பக்கமாக நடந்தார்.